பிள்ளைகளின் பாடவேலைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் எதைக் கொண்டு எழுதுவது?

இம்முறை நாம் பாடத்திற்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மிகச் சாதாரணமானது. ஆயினும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இன்று அது ஒரு செலவாகவும் கவலையாகவும் வந்து நிற்கின்றது. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கூட ஆசிரியர், "இதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டு வா" என்று சொல்லிவிடுகின்றார். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கின்றது. யாரோ உறவினர் கொடுத்ததாக இருக்கும், அல்லது தவணையில் வாங்கியதாக இருக்கும். அதில் எதைக் கொண்டு அடிப்பது? இதற்குப் பதில் தெரியாத தகப்பனார், கையில் காசு இருந்தால் அவசியமில்லாத இடத்தில் அதைக் கொடுத்துவிட்டு வருகின்றார். காசு இல்லாவிட்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று பிள்ளையைச் சும்மா அனுப்பிவிடுகின்றார். சும்மா போகும் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கின்றது. இவ்விரண்டும் வேண்டியதில்லை என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது படிப்பு. கடைக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய நாள் தொட்டு இந்த யந்திரத்தோடு பழகி வருகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கும் அடித்துக் காட்டியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் கண்டதைத்தான் எழுதுகிறோம். கெட்டிக்காரர்கள் இதனினும் நுட்பமான விஷயங்கள் அறிந்திருப்பார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றாலும் நமக்கு வருத்தமில்லை.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எழுதவும், திருத்தவும், எழுத்தைப் பெரிதாக்கவும், நடுவில் படம் வைக்கவும், பக்க எண் போடவும் உதவுகின்ற மென்பொருளைச் சொற்செயலி என்று தமிழில் சொல்கிறார்கள். நம்மவர்கள் எல்லோரும் அதை "வோர்ட்" என்றே சொல்கிறோம். கடைக்கு வரும் பெரியம்மா, எந்தக் கம்பெனிப் பற்பசையையும் "கோல்கேட்" என்றுதானே கேட்கிறார்? அது போலத்தான் இதுவும். வோர்ட் என்பது மைக்ரோசாஃப்ட் கம்பெனி 1983ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட ஒரு சரக்கின் பெயர். நல்ல சரக்குத்தான், உலகமெங்கும் அலுவலகங்களில் புழங்குவதும் அதுவே. ஆனால் அந்த இனத்தில் அது ஒன்றுதான் இருக்கின்றது என்று எண்ணுவது தவறு. பிள்ளைக்கு வேண்டியது பற்பசையே தவிர கோல்கேட் அல்ல என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சிலர், கம்ப்யூட்டரோடு கூடவே வருகின்ற நோட்பேடில் அடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது துண்டுக் காகிதத்துக்குச் சமானம். படம் வைக்க முடியாது. முன்பெல்லாம் விண்டோஸில் வோர்ட்பேட் என்று ஒன்று இலவசமாக வந்து கொண்டிருந்தது. சிறு வேலைகளுக்கு அது உதவிற்று. 2024ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதைத் தேடிக் களைத்துப் போக வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருச் சகோதரர் ஒருவர் கடைக்கு வந்து, "நானா, மகளுடைய கம்ப்யூட்டரில் வோர்ட் போட்டுத்தர 60 வெள்ளி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" என்றார். "அந்த 60 வெள்ளிக்கு ரசீது கொடுப்பார்களா? பெட்டி கொடுப்பார்களா?" என்று கேட்டோம். "அதெல்லாம் இல்லை, ஏதோ ஒரு பென்டிரைவிலிருந்து ஏற்றிக் கொடுப்பார்களாம்" என்றார். அவரிடம் நாம் திருப்பிக் கேட்ட கேள்விகள் மூன்று. மகளுக்குப் பள்ளியில் ஐடி கொடுத்திருக்கிறார்களா? ஆசிரியர் எந்த உருவில் கேட்கிறார், காகிதத்திலா, ஃபைலாகவா? வீட்டில் இன்டர்நெட் நாள் முழுதும் உண்டா, தகப்பனாரின் கைப்பேசியிலிருந்து கொஞ்ச நேரம் மட்டும் தானா? மூன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்தார். 60 வெள்ளியும் மிச்சமாயிற்று. எப்படியென்று சொல்கிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும், பள்ளிகள் அடைபட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கல்வி அமைச்சு டெலிமா என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அதன்படி அரசாங்கப் பள்ளியில் படிக்கும் மாணவர்களுக்கு ஓர் ஐடியும் மறைச்சொல்லும் உண்டு. மின்னஞ்சல் முகவரி போலவே இருக்கும், முடிவில் எம்.ஓ.இ. டி.எல். என்ற எழுத்துக்கள் வரும். அந்த ஐடியைக் கொண்டு உள்ளே நுழைந்தால் கூகுள் டாக்ஸும், இன்டர்நெட்டில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வோர்டும் பிள்ளைக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. எத்தனை பெற்றோர் இதை அறிவார்கள்? பிள்ளைகள் அந்த ஐடியைக் காணொலி வகுப்புக்கு மட்டும் உரியதென்று எண்ணி, கட்டுப்பாடு நீங்கியதும் மறைச்சொல்லையும் மறந்து போனார்கள். மறந்திருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடமோ, பள்ளியில் டெலிமாவுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமோ கேட்டால் புதிதாக மாற்றித் தருவார்கள். பக்கத்துத் தெருச் சகோதரரின் மகளுக்கு நடந்ததும் இதுதான். மறைச்சொல் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியபடி கிடந்தது.

சிங்கப்பூரிலிருக்கும் நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கு 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்கும்படி செய்துவிட்டார்கள். ஆகவே அங்கும் கடைக்குப் போகுமுன் பள்ளியைக் கேட்பதே முறை. பள்ளி எதைக் கொடுத்திருக்கின்றது, அதை வீட்டிலிருக்கும் வேறொரு கம்ப்யூட்டரிலும் திறக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளியிலோ மதரஸாவிலோ படிக்கும் பிள்ளைகளுக்கு அமைச்சின் ஐடி இல்லாமலிருக்கலாம். அவர்களும் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ சொந்தக் கணக்கு ஒன்று தொடங்கினால் இன்டர்நெட்டில் இயங்கும் சொற்செயலியைக் காசில்லாமல் உபயோகிக்கலாம். பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தால், கூகுள் கணக்கைப் பெற்றோர் தம் கணக்கோடு இணைத்து, தமது மேற்பார்வையில் தொடங்கித் தர வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டுத் தொடங்கிவிடுகின்ற பழக்கம் நம்மிடையே இருக்கின்றது. பிள்ளைக்குப் பொய்யைக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுப்பது அது, வேண்டாம்.

இன்டர்நெட்டில் இயங்கும் சொற்செயலியில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அடித்தது அவ்வப்போது தானாகவே சேமிக்கப்படுகின்றது. மின்சாரம் போனாலும், தம்பி ஓடி வந்து பட்டனை அமுக்கிவிட்டாலும் வேலை வீணாகாது. மேலும், முந்திய நிலைகளைத் திருப்பிப் பார்க்கும் வசதியும் உள்ளது. பிள்ளை எந்த நாளில் எவ்வளவு எழுதிற்று என்பதை அதில் காணலாம். ஒரே நிமிடத்தில் நான்கு பக்கம் வந்து விழுந்திருந்தால் அது அடித்ததல்ல, எங்கிருந்தோ பெயர்த்து வைத்தது என்பது ஆசிரியருக்கும் விளங்கிவிடும், நமக்கும் விளங்கிவிடும்.

சிரமம் எங்கேயென்றால், இன்டர்நெட் இல்லாத நேரத்தில்தான். கூகுள் டாக்ஸை ஆஃப்லைனிலும் நடத்தலாம். ஆனால் அதற்கான ஏற்பாட்டை இன்டர்நெட் இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். குரோம் அல்லது எட்ஜ் உலாவியில், டாக்ஸின் செட்டிங்ஸில் ஆஃப்லைன் என்றிருப்பதை முன்கூட்டியே திறந்துவிட வேண்டும். கரண்ட் போன பிறகு மெழுகுவர்த்தி தேடுகிறவரைப் போல, இணைப்பு அறுந்த பிறகு அதைத் தேடிப் பிரயோஜனமில்லை. தகப்பனார் கடையடைத்துக் கைப்பேசியோடு வீடு வந்த பிறகுதான் இன்டர்நெட் என்றிருக்கும் வீடுகளில், கம்ப்யூட்டரிலேயே தங்கியிருக்கும் சொற்செயலியே உத்தமம். அதற்குத்தான் லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருக்கின்றது.

இதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், விரும்பிக் கேட்பார்கள். 1985ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மார்க்கோ போரிஸ் என்ற பதினாறு வயதுப் பையன், பள்ளிப் பருவத்திலேயே ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினான். அதன் சரக்கு ஸ்டார் ரைட்டர் என்னும் சொற்செயலி. பின்னர் 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கி, மறு ஆண்டே மென்பொருளின் மூலத்தை உலகத்தார் யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆபீஸ் என்று பெயர் பெற்றது. சன் கம்பெனி 2010இல் ஆரக்கிள் வசம் போனதும், அதில் உழைத்து வந்தவர்களில் பலர் தனியே பிரிந்து ஓர் அறநிறுவனம் அமைத்து, லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். இன்றுவரை அதைச் செப்பனிட்டு வருகின்றார்கள். ஓப்பன் ஆபீஸும் இன்னும் கிடைக்கின்றது; ஆனால் அதில் புதிய வேலை மிகக் குறைவு. இரண்டில் ஒன்றை எடுப்பதென்றால் லிப்ரே ஆபீஸையே எடுங்கள்.

இதற்கு விலை இல்லை. காலம் கடந்தால் பூட்டிக்கொள்வதும் இல்லை, விளம்பரம் காட்டுவதும் இல்லை. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம். அண்டை வீட்டாருக்கும் பிரதி கொடுக்கலாம். அது திருட்டாகாது, உரிமையாளர்களே அனுமதித்திருக்கின்றார்கள். இறக்கும்போது மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை சில சமயம் விளம்பரங்களாக இருக்கும். அவற்றைத் தொட்டால் வேண்டாத சாமான்களும் சேர்ந்து வந்துவிடும். லிப்ரே ஆபீஸ் டாட் ஆர்க் என்ற முகவரியை நாமே அடித்துப் போக வேண்டும். விண்டோஸ் ஸ்டோரில் இதே சரக்குக்குச் சிறு விலை போட்டிருப்பார்கள். நேரே தளத்துக்குப் போனால் அதுவும் இல்லை. ஃபைல் சுமார் 350 எம்.பி. இருக்கும். கைப்பேசி டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள், வைஃபை உள்ள உறவினர் வீட்டில் ஒரு தடவை இறக்கி, பென்டிரைவில் கொண்டு வந்து ஏற்றிக்கொள்ளலாம். பிறகு அதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை.

"லிப்ரே ஆபீஸில் அடித்துக் கொடுத்தால் ஆசிரியருடைய வோர்டில் திறக்குமா?" என்பது அடுத்த கேள்வி. திறக்கும், ஒரு சங்கதியைக் கவனித்தால். ஃபைல் என்பது சரக்கு அடைத்த டின்னைப் போன்றது. லிப்ரே ஆபீஸ் வழக்கமாக ஓ.டி.டி. என்ற டின்னில் அடைக்கின்றது; வோர்ட் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் டாக்-எக்ஸ் என்ற டின்னில் அடைக்கின்றது. ஆகவே சேமிக்கும்போது "சேவ் ஆஸ்" என்பதை அமுக்கி, வகை என்ற இடத்தில் டாக்-எக்ஸ் என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். அப்படியும் சில சமயம் பக்கங்கள் இடம் மாறித் தோன்றும். காரணம் பெரும்பாலும் எழுத்துரு. வோர்டில் நெடுங்காலம் வழங்கி வந்த காலிப்ரி என்ற எழுத்துரு லிப்ரே ஆபீஸில் இல்லை. அதற்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோ என்ற எழுத்துரு இருக்கின்றது. டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் ஈடாகும். படங்களையும் அட்டவணைகளையும் நிறைய வைத்திருந்தால் கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

ஆசிரியர் திருத்த வேண்டிய ஃபைலாக இருந்தால் டாக்-எக்ஸில் கொடுங்கள். படித்து மதிப்பெண் போடுவதற்கு மட்டுமென்றால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுங்கள். அது புகைப்படம் போல. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் வைத்தது வைத்த இடத்தில் நிற்கும். லிப்ரே ஆபீஸில் ஃபைல் மெனுவில் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கின்றது. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பேஜஸ் என்பது இலவசமாக உண்டு. அதன் ஃபைலை அப்படியே அனுப்பினால் பள்ளியில் திறக்க மாட்டார்கள். அவர்களும் வோர்டாகவோ பி.டி.எஃப். ஆகவோ மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாம் சரி, எங்களுக்கு வோர்ட்தான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் வாங்குகிறவர் சரக்கைப் பார்த்து வாங்க வேண்டும். புது மடிக்கணினியில் வோர்ட் இருப்பதைக் கண்டு, "கூடவே கொடுத்துவிட்டார்கள்" என்று மகிழ்கின்றோம். சிலவற்றில் முழு உரிமையும் சேர்ந்தே வருகின்றது. சிலவற்றில் பரீட்சார்த்தமாகச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள். தவணை முடிந்ததும் படிக்கலாம், திருத்த முடியாது. பெட்டியின் மேலேயும் ரசீதிலும் என்ன எழுதியிருக்கின்றது என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவதிலும் இரு வகை உண்டு. ஒரு தடவை கொடுத்து ஒரு கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்வது ஒன்று; ஆண்டுதோறும் சந்தா கட்டுவது மற்றொன்று. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்றால், சந்தாவை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். கடை வாடகை போல அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

2024ஆம் ஆண்டின் கடைசியில் மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளில் அந்தச் சந்தாவோடு கோபைலட் என்ற செயற்கை அறிவையும் சேர்த்து, விலையையும் உயர்த்தினார்கள். அது என்ன செய்யும் என்றால், தலைப்பைக் கொடுத்தால் கட்டுரையையே எழுதிக் கொடுத்துவிடும். பெரியவர்களுக்கு அது உதவலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு, "என் பள்ளி" என்ற கட்டுரையை யந்திரம் எழுதிக் கொடுப்பதற்காக நாம் கூடுதல் காசும் கட்ட வேண்டுமா? கணக்குப் போட வேண்டிய பையனுக்குக் கல்லாவில் கால்குலேட்டரைக் கொடுத்தால் வாய்ப்பாடு மறந்து போவதைக் கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வயதில் வெறுமையான சொற்செயலியே நல்ல சொற்செயலி என்பது நமது அபிப்பிராயம்.

இனி அந்த 60 வெள்ளி விஷயம். விலை கொடுக்காத வோர்டின் பூட்டை உடைத்து ஏற்றிக் கொடுப்பதற்கான கூலிதான் அது. இணையச் சந்தையில் பத்து வெள்ளிக்கும் பதினைந்து வெள்ளிக்கும் "நிரந்தரச் சாவி" விற்கிறவர்களும் பெரும்பாலும் இந்த ரகமே. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் பாதுகாப்பளிக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பூட்டை உடைக்கின்ற அந்தச் சிறு புரோகிராமை ஏற்றுவதற்கு முன், வைரஸ் காவலை நிறுத்தி வைக்கும்படி சொல்வார்கள். வீட்டுக்காரர் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு இது ஒப்பாகும். பிள்ளையின் கம்ப்யூட்டரில்தான் தாயாரின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகின்றது என்பதை மறக்க வேண்டாம். அன்றியும், தராசில் எடை குறைத்தால் பிறர் ஹக்கைத் தின்றதாகும் என்று நம்புகின்ற நாம், இதை மட்டும் வேறு கணக்கில் எழுத முடியுமா? காசில்லாமல் நேர்மையாகக் கிடைக்கின்ற சரக்கு பக்கத்திலேயே இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை.

தமிழில் அடிப்பதைப் பற்றி நமது வாசகர்கள் அவசியம் கேட்பார்கள். இத்துறையில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1980களிலேயே தமிழை முரசு என்ற மென்பொருளின் வழியே கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மலேசியரான முத்து நெடுமாறன். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற ஏற்பாட்டைச் செய்தார். 1997இல் தமிழிணைய மாநாடும் அங்கேதான் முதலில் கூடியது. அந்நாட்களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு இருந்தபடியால், இங்கு அடித்தது அங்கு புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது. இன்று யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பழைய எழுத்துருக்களைத் தேடிப் போட வேண்டாம். இப்போதைய விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால் தமிழ் 99 விசைப்பலகை தானே கிடைக்கின்றது. ரோமன் எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாற்றித் தருவதும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே தமிழ் 99ஐப் பழக்குவது நல்லது. அம்மா என்று எழுத ஆங்கில எழுத்தை நினைத்துக்கொண்டிருப்பது தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அழகல்ல.

லிப்ரே ஆபீஸில் தமிழுக்கு ஒரு சூட்சுமம் இருக்கின்றது. எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் எழுத்து மாறாமல் நிற்பதைக் கண்டு பலர் திகைக்கின்றார்கள். தமிழ், அரபி போன்ற மொழிகளை அது தனி வரிசையில் வைத்திருப்பதே காரணம். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, மொழிகள் பகுதியில் "காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்றிருப்பதைக் குறியிட்டு, மொழியாகத் தமிழைத் தெரிந்தெடுங்கள். பிறகு தமிழுக்கென்று தனியே எழுத்துரு தேர்ந்துகொள்ளலாம். அதே குறியீட்டைப் போட்டதும் வலமிருந்து இடமாக எழுதும் பட்டனும் மேலே தோன்றும். ஜாவி பாடவேலை செய்யும் பிள்ளைகளுக்கு அது உதவும். அரபி விசைப்பலகையில் ஜாவிக்கே உரிய ங, ப, ஞ போன்ற ஒலிகளின் எழுத்துக்கள் இருக்கமாட்டா. அவற்றை இன்செர்ட் மெனுவில் தனி எழுத்துக்கள் என்ற இடத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அரபித் தமிழில் கடிதம் எழுதிய நமது முன்னோர்கள், இதைக் கண்டிருந்தால் மைக்கூட்டை மூடி வைத்திருப்பார்கள்.

மலாய் எழுத்துப் பிழைகளுக்குச் சொற்செயலியை மட்டும் நம்ப வேண்டாம். டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கின்றது. சந்தேகமான சொல்லை அதில் தேடிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும்.

சொற்செயலி கிடைத்தாயிற்று. அதைக் கொண்டு வேலை செய்யும் விதத்தையும் ஓர் உதாரணத்தால் பார்த்துவிடுவோம். பிள்ளை சரித்திரப் பாடத்திற்கு பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பற்றி ஃபோலியோ செய்ய வேண்டியிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். முன் அட்டை, நன்றியுரை, பொருளடக்கம், முன்னுரை, பிறகு 1801இல் பள்ளிவாசல் எழுந்த வரலாறு, கட்டடத்தின் அமைப்பு, 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, கடைசியில் ஆதார நூல்கள். பெரும்பாலான பிள்ளைகள் என்ன செய்கின்றார்கள்? தலைப்பு ஒவ்வொன்றையும் கையாலேயே பெரிதாக்கித் தடிப்பாக்குகின்றார்கள். பொருளடக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி பக்க எண்ணையும் கையால் அடிக்கின்றார்கள். நடுவில் ஒரு படம் சேர்த்ததும் எல்லா எண்ணும் தவறிப் போகின்றது. இரவு பதினொரு மணிக்கு அழுகை.

இதற்கு ஸ்டைல்ஸ் என்ற வசதியைக் கற்றுக்கொடுங்கள். தலைப்பை அடித்து அதற்கு "ஹெட்டிங் 1" என்ற அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். உட்தலைப்புக்கு "ஹெட்டிங் 2". வோர்ட், கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் இது ஒரே பெயரில் இருக்கின்றது. இப்படி அடையாளமிட்டுவிட்டால், இன்செர்ட் மெனுவில் பொருளடக்கம் என்று கேட்ட மாத்திரத்தில் தலைப்புகளையும் பக்க எண்களையும் அதுவே வரிசைப்படுத்தி வைத்துவிடும். வோர்டில் மட்டும் அது ரெஃபரன்ஸ் என்ற பகுதியில் இருக்கும். பிறகு படம் சேர்த்தாலும் பத்தி நீக்கினாலும், பொருளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னால் எண்கள் தாமே திருந்திக்கொள்ளும். புதுப் பக்கம் வேண்டும்போது என்டர் விசையை இருபது தடவை தட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். கன்ட்ரோல் விசையோடு என்டரை ஒரு தடவை அமுக்கினால் அடுத்த பக்கம் வந்துவிடும். இவ்விரண்டையும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கலாம். அடுத்து வரும் பள்ளி வருஷங்கள் அத்தனைக்கும் அது உதவும்.

கம்ப்யூட்டரிலேயே தங்கும் சொற்செயலியில் சேமிப்பது நமது பொறுப்பு. லிப்ரே ஆபீஸ் அவசரத்துக்கென்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகக் குறித்து வைத்துக்கொள்கின்றது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் போனது போனதுதான். ஒரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோலையும் எஸ் விசையையும் சேர்த்து அமுக்குவது கைப்பழக்கமாக வேண்டும். ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. "கடைசி", "கடைசி 2", "உண்மையான கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்துவிட்டு, எதை அனுப்புவதென்று தெரியாமல் விழிப்பதைவிடப் பாடம், பிள்ளையின் பெயர், தேதி இம்மூன்றையும் பெயராக வைப்பது மேல். வேலை முடியும்வரை வாரம் ஒரு தடவை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இல்லையேல் பிள்ளையின் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்காகக் கம்ப்யூட்டரை வீசிவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஏறாத யந்திரத்தில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை, தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு போடச் சொல்லலாம். லிப்ரே ஆபீஸ் அதனோடு கூடவே வருகின்றது. கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில், கைப்பேசியிலும் கூகுள் டாக்ஸும் வோர்டும் இலவசமாகவே இயங்கும். புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால் நாலைந்து பக்கம் அடிக்கச் சிரமமிராது.

அச்சடிக்கும் சங்கதி ஒன்று பாக்கியிருக்கின்றது. சொற்செயலியைப் போட்டதுமே பக்க அளவைப் பாருங்கள். பல சமயம் அமெரிக்கர்களின் லெட்டர் அளவில் இருக்கும்; நமது கடைகளில் கிடைப்பது ஏ4 காகிதம். இதை மாற்றாமல் அடித்தால் ஓரங்கள் தவறிப் போகும். கடையில் அச்சடிப்பதென்றால் பி.டி.எஃப். ஆகவே கொண்டு போங்கள், அக்கடைக் கம்ப்யூட்டரில் நமது தமிழ் எழுத்துரு இருக்குமோ இருக்காதோ என்ற கவலை வேண்டாம். திரும்பி வந்ததும் பென்டிரைவை வைரஸ் சோதனை செய்த பிறகே வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும். வண்ணத்தில் அடிக்க முன் அட்டை ஒன்று போதும். உள்ளேயிருக்கும் படங்கள் கறுப்பு வெள்ளையில் தெளிவாக விழுகின்றனவா என்று ஒரே ஒரு பக்கத்தை முதலில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.